முன்னால் நடந்தது

"திங்கட்கிழமையிலருந்து கைப்பட்டையைக் கழட்டிரலாம், தனு அப்பா" என்று சொல்லிவிட்டு நஸ்ரின் மேடம் தனுவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார். கதவில் ஒட்டியிருக்கும் நீலத் திமிங்கிலத்தின் வால் பசை விட்டுப்போய்க் கொஞ்ச நேரம் ஆடியது, நின்றது. மணி பதினொன்று. பதினொன்றே முக்காலுக்கு இந்தக் கதவு திறக்கும், மேடம் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவருவார், நான் கையெழுத்துப் போட்டால் தனுவின் மணிக்கட்டுப் பட்டை போய்விடும், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி என்பது ஒரு நாளாகிவிடும், எல்லாம் ஒரு வரைபடக் கோட்டை நம்பி. அந்தக் கோடு பொய். அதை நான் வரையவில்லை, எண்களைத்தான் எழுதிக் கொடுத்தேன், அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டு வரைந்தார்கள், இருந்தாலும் உள்ளே போகுமுன் மேடம் அதை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டியபோது எனக்குக் குற்ற உணர்ச்சி வருவதற்கு முன்னால் ஒரு வியப்புத்தான் வந்தது, ஒரு பொய் இவ்வளவு அழகாக வளைந்து இறங்குமா என்று. "முதல் வாரம் ஒரு நாளைக்குப் பதினாறு கடி. இப்ப ஒண்ணு, ரெண்டு. சென்னையிலருந்து வந்த எங்க சீனியர் மேடம், வீட்டு டேட்டாவை இவ்வளவு சுத்தமா எழுதுற அப்பாவை நான் பார்த்ததே இல்லைன்னாங்க." இங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சுந்தரமகாலிங்கம் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, விருதுநகரில் மிளகாய் வத்தல் வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் அந்தப் பெயரில்தான் பத்தொன்பது வருஷமாக இரவு ஷிப்ட் பார்க்கிறேன், ஆனால் மதுரையில் இந்த மாடிப்படி ஏறிவிட்டால் நான் தனு அப்பா. தனுவே முழுப் பெயர் இல்லை, தன்ஷிகா, கம்ப்யூட்டர் ஜாதகக்காரர் கொடுத்த எழுத்துக்கு என் மனைவி தங்கபுஷ்பம் தேடி எடுத்தது. ஆறு வயது முடிந்துவிட்டது. நாலு வார்த்தை பேசுவாள். மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள், சாதாரணக் கடி இல்லை, தோல் காய்த்துப்போய்த் தழும்பின் மேல் தழும்பாக இடது கை ஒரு பழைய செருப்பின் அடிப்பாகம் மாதிரி ஆகிவிட்டது, அதன்மேல் என் பழைய ஜீன்ஸை வெட்டித் தங்கபுஷ்பம் தைத்த பட்டை. கீழே பல் டாக்டர், மேலே தனு மாதிரிப் பிள்ளைகளுக்கான இந்தப் பயிற்சி மையம். பல்லைப் பலப்படுத்தக் கீழே வருகிறார்கள், பல் படாமலிருக்க மேலே வருகிறோம். இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று ஒன்பது வாரமாக நினைக்கிறேன், சொல்ல ஆள் இல்லை.

உள்ளே கைதட்டல் கேட்கிறது. "சூப்பர், தனு!" பிறகு சர்ர்ரென்று ஒரு ஓசை, ஆசாரிகள் வைத்திருக்கிற இரும்பு டேப்பை இழுத்து விட்டால் சுருட்டிக்கொண்டு போகுமே, அது. மற்ற பிள்ளைகளுக்குப் பரிசு கடலை மிட்டாய், குமிழி ஊதுவது, கிச்சுக்கிச்சு மூட்டுவது. தனுவுக்கு எதுவும் பிடிக்கவில்லை என்று முதல் வாரம் முழுக்க மேடம் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார், கடைசியில் திரைச்சீலை மாட்ட வந்த ஆள் வைத்துவிட்டுப்போன டேப்பை இவள் எடுத்தாள், அன்றிலிருந்து அதுதான். ஒன்று சொன்னபடி செய்தால் பத்து நொடி டேப். அதில் என்ன இருக்கிறது என்று நானும் வீட்டில் ஒன்று வாங்கி இழுத்து இழுத்துப் பார்த்தேன். நாக்கு மாதிரி நீள்கிறது, கடைசியில் விரலில் சுரீரென்று ஒரு அடி. அந்த அடிக்காகவா, அதற்கு முந்தைய ஓசைக்காகவா, அல்லது எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்துவிடுகிறது என்பதற்காகவா? கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டே உள்ளே நடப்பதை என்னால் சொல்லிவிட முடியும், காது அப்படிப் பழகியிருக்கிறது. இப்போது இவள் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். இப்போது கொடுக்கவில்லை, மேடம் கையைப் பிடித்து வழிகாட்டுகிறார், நாற்காலிக் கால் இழுபடுகிறது. ஜன்னலுக்கு வெளியே இவர்கள் ஏசி மெஷினில் பேரிங் போகப் போகிறது, இன்னும் ஒரு மாதம் தாங்கினால் அதிகம், அதையும் யாரிடமும் சொல்லவில்லை. "என்ன தனு அப்பா, இன்னிக்கு முழிச்சிருக்கீங்க?" பெஞ்சின் அந்த முனையிலிருந்து ரோஷன் அம்மா. "வழக்கமா பதினொண்ணு அஞ்சுக்கெல்லாம் வாயைத் திறந்துருவீங்களே. எங்க ரோஷன் உங்க வாய்க்குள்ள பாட்டில் மூடியைப் போடப் போறான்னு நான் பிடிச்சு வச்சுக்கிட்டு இருப்பேன்." நான் சிரித்தேன். ரோஷன் நாலு வயது, தரையில் பாட்டில் மூடியைச் சுற்றிவிட்டு அது விழும்வரை கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்க்கிறான். அவனுக்குப் புதன்கிழமை காலை மட்டும், அதுவும் பத்துப் பிள்ளைகளோடு கூட்டத்தில் அரை மணி நேரம். தனி நேரத்துக்கு அந்தம்மா எட்டு மாதமாகக் காத்திருக்கிறார். "மேடம் சொன்னாங்க. தனுவுக்கு ரெண்டு நாள் குறையுதாம்ல. அது ரோஷனுக்குத்தான். நேத்து ராத்திரி எங்க வீட்டுக்காரரு, அந்தப் பிள்ளைக்கு ஒரு தேங்காய் உடைச்சிட்டு வான்னாரு, காலையிலயே உடைச்சாச்சு. உங்க புண்ணியம்." "என் புண்ணியம் ஒண்ணும் இல்லம்மா." "அட, பிள்ளைக்கு நல்லாயிருச்சுங்க, சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்லுங்களேன். மூஞ்சியப் பாரு, பஸ்ஸை விட்ட மாதிரி." அந்தம்மா கைப்பையிலிருந்து ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது. வாங்காமல் எப்படி இருப்பது, வாங்கமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது, அதை முதலில் மேடத்திடம் சொல்ல வேண்டும். லட்டு விரல் சூட்டில் இளகுகிறது.

இதை யாரிடம் சொன்னாலும் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது சோம்பேறித்தனம் இல்லை, அது எனக்குத் தெரிந்த ஒரு வேலை, நன்றாகத் தெரிந்த வேலை, அதுதான் விஷயம். கிடங்கில் ஆறு அறைகள். ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வோர் அறையின் குளிரையும் அமோனியா அழுத்தத்தையும் ரிஜிஸ்தரில் எழுத வேண்டும் என்பது சட்டம். எழுதுகிறவன் எந்தக் கிடங்கிலும் கிடையாது. விடியப்போகும் நேரத்தில் உட்கார்ந்து முழு இரவையும் ஒரே மூச்சில் எழுதுவோம். அதற்கு ஒரு கை வேண்டும். ஒரே எண்ணை மூன்று தடவை அடுத்தடுத்துப் போடக் கூடாது. நாலாம் அறைக்குக் கதவு சரியில்லை, ஆகவே அரை டிகிரி கூட்டி எழுத வேண்டும். லோடுமேன்கள் மூட்டை ஏற்றுகிற நேரத்தில் கொஞ்சம் ஏற வேண்டும், ஏறியதும் உடனே இறங்கிவிடக் கூடாது. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் நேர்கோடாக எழுதி மாட்டிக்கொள்வார்கள், என் பக்கத்தைத் தணிக்கைக்காரர் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு மூட்டை வத்தல் பூசணம் பிடித்ததில்லை, ஏனென்றால் மெஷினை நான் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் பார்த்துக்கொண்டிருப்பேன், எண் என்பது ஆபீசுக்காக. ஆகவே இந்த மையத்தில் சேர்ந்த முதல் நாள் மேடம் நாலு கட்டம் போட்ட தாள் கட்டு ஒன்றைக் கொடுத்து, "நேரம், முன்னால் நடந்தது, என்ன செய்தாள், பிறகு நடந்தது. ஒவ்வொரு கடிக்கும் ஒரு வரி, அப்பவே எழுதணும்" என்றபோது என் கை அதைத் தானாகவே ரிஜிஸ்தர் என்று எடுத்துக்கொண்டது. தங்கபுஷ்பம் காலை எட்டரைக்கு ஸ்கேன் சென்டருக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். பகலில் பிள்ளையும் நானும். உள்தாழ்ப்பாள் போட்டுச் சங்கிலி மாட்டிவிட்டு விழுந்தால் நான் செத்தவன் மாதிரி. எத்தனை கடி என்று யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை காலை மதுரை பஸ்ஸில் உட்கார்ந்து போன வாரம் முழுவதையும் எழுதினேன். பதினாறு, பதினாலு, பதினேழு, பதினைந்து. அடுத்த வாரம் கொஞ்சம் குறைத்தேன், பயிற்சிக்கு வருகிறோம், குறைய வேண்டும்தானே. குறைக்கக் குறைக்க மேடத்தின் முகம் மலர்வதைப் பார்த்தேன். ஐந்தாவது வாரம் ஒரு மேடு வைத்தேன், எல்லாமே இறங்கிக்கொண்டே போனால் சந்தேகம் வரும், "சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள்" என்று எழுதினேன், மேடம் அந்த மேட்டின் மேல் விரலை வைத்து அரை மணி நேரம் என்னிடம் கேள்வி கேட்டார், வந்தவர்கள் எத்தனை பேர், சத்தமாகப் பேசுவார்களா, தனுவின் இடத்தில் உட்கார்ந்தார்களா, நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன், சாத்தூரிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம் என்றேன், எனக்குச் சாத்தூரில் யாருமே இல்லை. இன்றைக்கு அந்தக் கோட்டை முழுசாகப் பார்த்ததும்தான் தெரிந்தது அது எது என்று. முதலில் செங்குத்தாக விழுந்து, பிறகு மெதுவாகத் தவழ்ந்து, நடுவில் ஒரு மேடு. வெயிலில் காய்ந்த வத்தலை ஏற்றி மெஷினைப் போட்டதும் அறை முப்பத்தெட்டிலிருந்து ஆறுக்கு இறங்குகிற கோடு. நடுவில் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். என் மகளை நான் ஒன்பது வாரமாக ஆறாம் நம்பர் அறையாக எழுதியிருக்கிறேன். போன மாதம் மேடம் கொடுத்தனுப்பிய பாதிக் கோட்டைத் தங்கபுஷ்பம் போனில் படம் பிடித்து முகப்பில் வைத்திருக்கிறாள். சாமி படம் இருந்த இடம்.

போன வியாழக்கிழமை எனக்கு என்ன தோன்றியதோ, ஒரு நாள் உண்மையாக எண்ணிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பயமோ திருந்துவதோ இல்லை, சும்மா தெரிந்துகொள்ள. ஒருவேளை நான் எழுதியது உண்மையாகவே ஆகியிருக்குமோ? சுவரில் சாய்ந்து, தலையணை இல்லாமல், தாளை மடியில் வைத்துக்கொண்டு பத்து மணிக்கு உட்கார்ந்தேன். தனு பட்டாணியை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் வரிசை வைத்தாள். பதினொன்று. பன்னிரண்டு. ஒரு கடிகூட இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, எழுதினால் நடக்கும் போலிருக்கிறதே என்று. ஒரு மணிக்கு அவளுக்குத் தயிர்சாதம் ஊட்டினேன், மறுபடி உட்கார்ந்தேன், பிறகு கண்ணைத் திறந்தால் இரண்டே முக்கால், பென்சில் தரையில், தனு என் காலடியில் உட்கார்ந்திருக்கிறாள், பட்டை போட்ட இடது கை சும்மா கிடக்கிறது, வலது கையில் புதுசாக ஒரு வட்டம், எச்சில் ஈரம் காயவில்லை. தாளில் எழுதினேன். நேரம், தெரியாது. என்ன செய்தாள், வலது கை. முன்னால் நடந்தது என்ற கட்டத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். சனிக்கிழமை ஒரு யோசனை செய்தேன், தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு இமை வழியாகப் பார்ப்பது. மூச்சை நீளமாக விட்டேன், வாயைக்கூடத் திறந்து வைத்தேன், நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் தன் வீட்டில் தூக்கம் நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரியும். அவள் வந்தாள். என் முகத்துக்குப் பக்கத்தில் நின்றாள். போய்விட்டாள், பட்டாணிக்கு. ஒன்பது வாரம் நான் எழுதிய எண்களைப் படித்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள், என் பொய்த் தூக்கத்தை இந்தப் பிள்ளை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. எதை வைத்துக் கண்டுபிடித்தாள்? பிறகு நடித்த தூக்கம் நிஜமாகிவிட்டது, எழுந்தபோது மறுபடி வலது கையில் இரண்டு. நேற்று, செவ்வாய்க்கிழமை, போனில் வீடியோ போட்டு அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். எழுந்து பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், படம் முழுக்க இருட்டு, சத்தம் மட்டும் இருக்கிறது. இன்று காலை பஸ்ஸில் ஒரு காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தேன், பக்கத்தில் அவள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து அதிர்வைக் கேட்டுக்கொண்டு வந்தாள். என் குறட்டையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பழைய மெஷின். ஏறுகிறது, இறங்குகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான் பஸ்ஸில் எண்ணினேன், பதினெட்டு வரைக்கும் ஒன்றுமில்லை, பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிறவன் மாதிரி ஒரு இழுப்பு, மறுபடி ஓடுகிறது. அந்த நின்றுபோன இடத்துக்குள் ஒரு சின்னச் சத்தம். ஈரச் சத்தம். கடியா? வாய் அசைவா? மூன்று தடவை பின்னால் ஓட்டிக் கேட்டேன், வழியில் சாலை வேலை இரைச்சல், ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை.

கிடங்கில் இரவு வேலைக்காரர்கள் எல்லோரும் கொஞ்சம் கண்ணசருவோம், நானூறு குதிரைகள் ஓடுகிற மாதிரி மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அதிலெல்லாம் முழிப்பு வராது. மெஷின் நின்றால் எழுந்துவிடுவோம். எல்லோரும் ஒரே நேரத்தில், யாரும் யாரையும் எழுப்பாமல். அந்த அமைதி மாதிரி பெரிய சத்தம் கிடையாது. அப்படியானால் தனு பகல் முழுக்க என் மெஷினைக் காதால் பார்த்துக்கொண்டிருக்கிறாளா? இல்லை, இது நானாகக் கட்டுவது, எனக்குக் கட்டத் தெரியும் என்பதுதான் ஒன்பது வாரமாக நிரூபணமாகியிருக்கிறதே. வேறு எதுவாகவும் இருக்கலாம். மதியம் பக்கத்து மில்லில் ஊதுகிற சங்கு, வெயில் அந்தச் சுவருக்கு வருவது, தயிர்சாதம் வயிற்றில் செய்கிற ஏதோ ஒன்று, ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்தால்தான் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால் அளக்கிற கருவி நான், சரியாக அளக்கவேண்டிய நேரத்தில் கருவி அணைந்துவிடுகிறது. நான் தூங்கும்போது என் மகள் யார் என்று எனக்குத் தெரியாது. எந்தத் தகப்பனுக்கும் தெரியாதுதான், ஆனால் மற்றவர்கள் ராத்திரியில் தூங்குகிறார்கள், அப்போது பிள்ளையும் தூங்கிவிடுகிறது. சொல்லாமல் இருந்தால்? பட்டையைக் கழற்றினால் இடது கையும் திறந்து கிடக்கும். இரண்டு கை. அந்தத் தழும்பு இன்னும் ஒரு தடவை பிளந்தால் உள்ளே நரம்பு என்று டாக்டர் சொன்னார். சொன்னால்? தங்கபுஷ்பம் வேலையை விட வேண்டியிருக்கும், அல்லது நான் பகல் ஷிப்ட் கேட்டு அந்த மேனேஜர் முன்னால் நிற்க வேண்டும், அதையெல்லாம்விட, நஸ்ரின் மேடத்தின் முகம். இருபத்தாறு வயது இருக்குமா, ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். என் பொய்கள் மழையில் நனையாமல் இருக்கின்றன. ரோஷன் மூடியைச் சுற்றிவிட்டான், அது என் செருப்பில் மோதி விழுந்தது, அவன் என்னைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்தான், என் செருப்பு செய்தது தப்பு என்பது போல. மணி பதினொன்று நாற்பது. உள்ளே டேப் சர்ர்ரென்று போகிறது, ஒரு தடவை, இரண்டு தடவை, இன்று நன்றாகச் செய்கிறாள் போலிருக்கிறது.

கதவு திறந்தது. மேடம் வந்தார், தாள், பேனா, சிரிப்பு. "இங்கயும் இங்கயும் போடுங்க." நான் பேனாவை வாங்கினேன், லட்டு பிசுபிசுப்பில் பேனா ஒட்டியது. "மேடம், அந்த நம்பரெல்லாம் நான் எழுதினது." "நீங்கதான எழுதணும்?" "அதில்ல. பார்த்து எழுதல. நானா எழுதினது." மேடம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், முகத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. "எது? கடைசி வாரமா?" "ஒம்பது வாரமும்." "ஒம்பது..." என்றவர் உள்ளே திரும்பிச் சுவரில் ஒட்டியிருந்த கோட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அந்த அஞ்சாவது வாரம்? சாத்தூர் சித்தப்பா?" "எனக்குச் சாத்தூர்ல யாரும் இல்ல மேடம்." அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது, ஒன்பது வாரத்துக்கு வராத கோபம் அந்தச் சித்தப்பாவுக்கு வந்தது. "நான் அவரை வச்சு ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கேன் சார்! சீனியர் மேடம் முன்னாடி நின்னு பேசியிருக்கேன். அப்ப ஒம்பது வாரமா நான் யாருக்குப் பார்த்துக்கிட்டிருந்தேன்?" முதல் தடவையாக என்னை சார் என்கிறார், தனு அப்பா போய்விட்டது. எங்கள் ஆறாம் நம்பர் அறைக்கு என்று நாக்கு வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். பெஞ்சின் அந்த முனை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. "அப்ப எங்களுக்கு நேரம் கிடையாதா மேடம்?" மேடம் சுவரில் இருந்த கோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோஷன் அம்மா குனிந்து பையனின் பாட்டில் மூடியை எடுத்தார், பாட்டிலில் திருகினார், திருகித் திருகி அது ஏறவே இல்லை. "கண்ணால பார்த்ததைப் பார்த்தேன்னு எழுதுறதுக்கு என்ன தனு அப்பா, ஐஏஎஸ்ஸா படிக்கணும்? எட்டு மாசம். நேத்து சொல்லியிருந்தா தேங்காயாவது மிஞ்சியிருக்கும்."   ரோஷனை இடுப்பில் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வரைக்கும் போய், நின்று, திரும்பாமல், "லட்டைத் தின்னுருங்க, எறும்பு வரும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மேடம் என் கையிலிருந்து தாளை வாங்கி இரண்டாக மடித்தார்.  வேறு குரலில், கதவுக்கு உள்ளே பிள்ளைகளிடம் பேசுகிற குரலும் இல்லை என்னிடம் பேசுகிற குரலும் இல்லை, "ஒரு நாளாவது உண்மையா எழுதினீங்களா?" என்று கேட்டார். "மூணு நாள்." சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படித்தார். வலது கை என்ற இடத்தில் நின்றார். "வலது கையா?" மறுபடி படித்தார். "முன்னால் நடந்தது ஏன் காலியா இருக்கு?" "எழுத வரல." "சொல்லுங்க." "நான் தூங்கிட்டேன்." "அது சரி, அதுக்கு முன்னால?" "அதான் மேடம். முன்னால் நடந்தது அதுதான். நான் தூங்கினது." மேடம் மடித்த தாளை விரித்தார், அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, அதில் தேதி போட்டார். கோபம் இன்னும் இருந்தது, ஆனால் அதற்குள் இன்னொன்று, தெரிந்துகொள்ளும் ஆசை, புகுந்துவிட்டது, அது எனக்குத் தெரியும், போன வியாழக்கிழமையிலிருந்து என்னையும் அதுதான் அரித்துக்கொண்டிருக்கிறது. போனில் இருந்த சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். காதை ஒட்டி வைத்துக் கேட்டார், இரண்டு தடவை. "இதுல எது குறட்டை, எது கடின்னு தெரியல. நின்னதும் கடிக்கிறாளா, கடிச்சதுக்கு அப்புறம் நிக்குதா?" "அதைத்தான் நானும்..." "பன்னெண்டு மணிப் பிள்ளை இன்னிக்கு லீவு. ஒரு மணி நேரம் இருக்கு. படுங்க." "எங்க?" "இங்கதான், பாய்ல. நான் எண்ணிக்கிறேன், நீங்க தூங்குங்க."

பாய் பெரியவர்களுக்கு இல்லை, பிள்ளைகளுக்கு, என் கால் முழங்காலுக்குக் கீழே தரையில் கிடக்கிறது. கூரையில் ஒரு பல்லி. மேடம் மூலையில் குட்டி நாற்காலியில், கையில் கடிகாரமும் பென்சிலும், "அவ பல் பட்டதும் தடுத்துருவேன், அதைப்பத்திக் கவலைப்படாதீங்க" என்கிறார். இத்தனை வருஷத்தில் யாராவது என்னைத் தூங்கச் சொல்லியிருக்கிறார்களா? தூங்காதே என்றுதான், பிள்ளை தனியாக இருக்கிறது தூங்காதே, மெஷின் ஓடுகிறது தூங்காதே. தூங்கு என்றதும் தூக்கம் ஓடிவிட்டது. கண்ணை மூடினால் பச்சை, சிவப்பு. மூச்சை நீளமாக விடவா, வேண்டாம், அது நடிப்பு, அது அவளுக்குத் தெரியும், மேடத்துக்கும் இனித் தெரியும். சும்மா கிட. எண்ணாதே. எண்களே வேண்டாம். உள்ளங்கால்கள் வருகின்றன, தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம், என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள், பாண்ட்ஸ் பவுடர், காலையில் நான் போட்டுவிட்டது, அதில் கொஞ்சம் தயிர். போகவில்லை. உட்காருகிறாள். அவள் முழங்கால் என் முழங்கையில் படுகிறது, படட்டும், கண்ணைத் திறந்தால் கெட்டுப்போகும், திறக்கக் கூடாது, அவள் முகம் எப்படி இருக்கும் இப்போது, கவலையாகவா, அல்லது பட்டாணி எண்ணும் முகமா, அதைப் பார்க்கத்தானே, அதைப் பார்க்க முடியாது, வேறொருவர் பார்த்துச் சொல்லித்தான், பரவாயில்லை, எழுதுகிறவர் எழுதுவார், பார்த்ததை எழுதுவார். உடம்பு பாய்க்குள் இறங்குகிறது. மூட்டை மாதிரி. "பன்னெண்டு பதினொண்ணு" என்று மேடம் ரகசியமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது தூரத்தில், வேறொரு மாடியில் கேட்கிறது. எழுந்ததும் கேட்க வேண்டும், முதலில் எந்தப் பக்கம் பார்த்தாள், என் வாயையா, நெஞ்சையா, கையை வாய்க்குக் கொண்டுபோகுமுன் எவ்வளவு நேரம் பொறுத்தாள், அப்படிப் பொறுத்திருந்தபோது